தென்னிந்திய மயக்கவியல் வரலாறு: ஐதராபாத் குளோரோஃபார்ம் ஆணையம் முதல் ஒசூர் – கிருஷ்ணகிரி எல்லைப் பகுதி வரை

ஆய்வுச் சுருக்கம்

அறுவை மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கத்தியைப் பிடித்தவரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. நோயாளியின் தலைமாட்டில் நின்று மூச்சையும் நாடியையும் காத்தவர் அதில் இடம்பெறுவது அரிது. மயக்க மருந்தின்கீழ் ஒருவர் இறக்கும்போது முதலில் நிற்பது மூச்சா இதயமா என்னும் வினாவை 1888–89ஆம் ஆண்டுகளில் ஐதராபாத்தில் எழுப்பி ஆராய்ந்தனர். அவ்வினாவின் பின்புலத்தையும், அது காலப்போக்கில் ‘தலைமாட்டில் நிற்பவர் யார்’ என்னும் வினாவாக மாறியதையும், தொழிற்சாலைகளும் நெடுஞ்சாலைகளும் மலைக் குடியிருப்புகளும் ஒருங்கே அமைந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அது இன்று பெறும் வடிவத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: மயக்கவியல், குளோரோஃபார்ம், ஐதராபாத் ஆணையம், அவசர மகப்பேறு, விபத்துச் சிகிச்சை, கிருஷ்ணகிரி

சொல்லும் பொருளும்

தமிழ் இலக்கண மரபில் ‘மயக்கம்’ என்பது கலத்தலைக் குறிக்கும். மெய்ம்மயக்கம், திணைமயக்கம், வேற்றுமை மயக்கம் ஆகிய வழக்குகள் அப்பொருளிலேயே அமைந்தவை. உலக வழக்கில் அச்சொல் தலைசுற்றல், நினைவிழத்தல், மருட்சி எனப் பல பொருள்களில் வழங்குகிறது. ‘அனஸ்தீசியா’ என்னும் கிரேக்க வழிச் சொல்லோ உணர்வின்மையை மட்டுமே சுட்டுவது. 1846இல் அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அதனைப் பரிந்துரைத்தார். தமிழ் தேர்ந்துகொண்ட ‘மயக்க மருந்து’ என்னும் தொடர் உணர்வின்மையைவிட நினைவிழப்பையே முன்னிறுத்துகிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இன்று தமிழகத்தில் நிகழும் சிசேரியன் அறுவைகளில் மிகப் பெரும்பாலானவை முதுகுத்தண்டில் செலுத்தப்படும் மருந்தினால், தாய் விழித்திருக்கும்போதே செய்யப்படுகின்றன. ‘மயக்கம் கொடுப்பார்கள்’ என்று கேட்டு வந்தவர் தாம் மயங்கவில்லை என்பதைக் கண்டு அஞ்சுவது இயல்பு. மக்கள் வழக்கு இவ்விடரைத் தானே தீர்த்துக்கொண்டது. ‘மரத்துப்போகிற ஊசி’, ‘முதுகு ஊசி’ என்னும் வழக்குகள் அகராதிகள் தராத நுட்பத்தோடு இரண்டையும் பிரித்துக் காட்டுகின்றன. மகப்பேற்றுக்குப் பின் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலிக்கு அவ்வூசியே காரணம் என்னும் நம்பிக்கையும் அவ்வழக்கோடு சேர்ந்தே வளர்ந்தது. நீடித்த வலிக்கும் ஊசிக்கும் அத்தகைய காரணத் தொடர்பு உண்டென்று ஆய்வுகள் காட்டவில்லை. ஆயினும் அந்நம்பிக்கையை அறியாமை என ஒதுக்குவது எளிது. அறுவைக்கு முன் தாயிடம் எவரும் அமர்ந்து பேசாததன் தடமாக அதனை வாசிப்பதே பொருத்தம்.

அறுவை மருத்துவத்தைத் தமிழில் சொல்லும் முயற்சி பழையது. யாழ்ப்பாணத்தில் 1847 முதல் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, ‘இரண வைத்தியம்’, ‘பிரசவ வைத்தியம்’ முதலிய நூல்களை உருவாக்கினார். ஈதரும் குளோரோஃபார்மும் உலகெங்கும் பரவிய அதே ஆண்டுகளில் அவரது பணி நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது. அம்முயற்சி தொடர்ந்திருந்தால் மயக்கவியலுக்கு இன்று இருப்பதைவிடச் செறிவான தமிழ்க் கலைச்சொல் மரபொன்று கிடைத்திருக்கும்.

ஈதருக்கு முன்னும் பின்னும்

அறுவைக்கு முன் நோயாளிக்கு மது அளிக்கலாம் எனச் சுசுருத சங்கிதை கூறுகிறது. போஜ மன்னனுக்கு மோகசூரணம் தந்து மண்டையைத் திறந்து அறுவை செய்ததாகக் கூறும் கதை, 10ஆம் நூற்றாண்டு இந்தியாவில் முழு மயக்கம் அறியப்பட்டிருந்தது என்பதற்குச் சான்றாகப் பலராலும் காட்டப்படுகிறது. அக்கதை இடம்பெறும் போஜப் பிரபந்தம் 16ஆம் நூற்றாண்டைச் சார்ந்த புனைவுத் தொகுப்பு. காளிதாசனையும் பவபூதியையும் போஜனின் அவைக்கே கொண்டுவந்து சேர்க்கும் நூலை மருத்துவ வரலாற்றுக்கு ஆவணமாகக் கொள்ள இயலாது.

ஆவணமுள்ள வரலாறு 1845இல் வங்காளத்து ஹூக்ளியில் தொடங்குகிறது. ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்னும் அறுவை மருத்துவர் மெஸ்மெரிசம் எனப்பட்ட வசிய முறையால் நோயாளிகளை உறங்கச் செய்து பெரும் கட்டிகளை அகற்றினார். கல்கத்தாவில் அதற்கென மருத்துவமனையொன்றும் அமைந்தது. ஆனால் 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈதரின் ஆற்றலைப் பொதுவில் காட்டினார். அதற்கு ஐந்தே மாதங்களில், 1847 மார்ச்சில், கல்கத்தாவில் ஈதர் பயன்படுத்தப்பட்டது. நீராவிக் கப்பல் யுகத்தின் தொடக்கத்தில் இவ்வேகம் வியப்புக்குரியது. அவ்வாண்டு நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் குளோரோஃபார்மை அறிமுகப்படுத்தினார்.

வெப்ப நாடுகளில் குளோரோஃபார்ம் விரைந்து இடம்பிடித்தமைக்குக் காரணங்கள் வெளிப்படையானவை. ஈதர் 35 செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும்; தீப்பற்றும்; மயக்கம் தொடங்க நேரமாகும். குளோரோஃபார்மோ சில துளிகளில் வேலை செய்வது, தீப்பற்றாதது, சிறு குப்பியில் எடுத்துச் செல்லத்தக்கது. அதன் விலை 1848 ஜனவரியில் தெரிந்தது. இங்கிலாந்தின் நியூகாசில் அருகே கால் நகத்தை அகற்றுவதற்காகக் குளோரோஃபார்ம் பெற்ற ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி சில நிமிடங்களில் இறந்தாள். மருந்தின் செறிவு மிகுந்து இதயம் நின்றது என்றார் ஜான் ஸ்நோ. உயிர்ப்பிப்பதற்காக வாயில் ஊற்றிய நீரும் பிராந்தியும் மூச்சை அடைத்தன என்றார் சிம்ப்சன். அடுத்த அறுபது ஆண்டு விவாதத்தின் இரு தரப்புகளும் அச்சிறுமியின் சாவிலேயே உருப்பெற்றுவிட்டன.

ஐதராபாத் ஆணையம்

அவ்விவாதம் இந்திய மண்ணுக்கு வந்தது எட்வர்டு லாரி என்பவரால். எடின்பரோவில் ஜேம்ஸ் சைமின் மாணவரான அவர், ஐதராபாத்தில் ஆங்கிலேய ரெசிடென்சியின் அறுவை மருத்துவராகவும் அங்குள்ள மருத்துவப் பள்ளியின் தலைவராகவும் இருந்தார். நாடியைப் பார்க்க வேண்டியதில்லை, மூச்சை மட்டுமே கவனிக்க வேண்டும் என்பது சைமிடமிருந்து அவர் பெற்ற பாடம். குளோரோஃபார்ம் நேரடியாக இதயத்தைத் தாக்குவதில்லை, மூச்சு நின்ற பின்னரே இதயம் நிற்கிறது, எனவே மூச்சைக் காக்கத் தெரிந்தவர் கையில் அது முற்றிலும் பாதுகாப்பானது என்று அவர் உறுதியாக நம்பினார். ஆயிரக்கணக்கானோருக்குத் தம் மேற்பார்வையில் குளோரோஃபார்ம் அளித்தும் ஒருவரும் இறக்கவில்லை என்றும் வாதிட்டார்.

ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் பொருளுதவியுடன் 1888இல் முதல் ஆணையம் அமைந்தது. நாய்களைக் கொண்டு செய்த சோதனைகளின் முடிவில் லாரியின் கூற்றே மெய்யெனப்பட்டது. லண்டனின் ‘லான்செட்’ இதழ் அதனை ஏற்கத் தயங்கியது. உடனே நிஜாம் அரசு 1000 பவுண்டு அளித்து, லான்செட் தன் சார்பில் ஒருவரை அனுப்பி நேரில் கண்டுகொள்ளட்டும் என்றது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் ஓர் இந்திய சமஸ்தானம் பேரரசின் தலைநகரிலுள்ள இதழை ஆய்வுக்கு அழைத்துச் செலவையும் ஏற்ற நிகழ்வுக்கு அறிவியல் வரலாற்றில் ஒப்புமை எளிதில் கிடைக்காது.

1889 இறுதியில் வந்தவர் புகழ்பெற்ற மருந்தியலாளர் லாடர் பிரண்டன். இதயமே முதல் ஆபத்து என்னும் கருத்துடன் வந்த அவர், நானூற்றுக்கும் மேற்பட்ட விலங்குகளில் சோதனை நடத்திய பின் லாரியின் பக்கம் சாய்ந்தார். இரத்த அழுத்தத்தைத் தொடர்ந்து பதியும் கருவிகள் அச்சோதனைகளில் பயன்பட்டன. முடிவுகள் 1890இல் லான்செட்டில் வெளியாயின.

முடிவு தவறானது. அபர்டீனின் மக்வில்லியம், பின்னர் கேஸ்கெல், ஷோர் ஆகியோர் குளோரோஃபார்ம் இதயத்தின் மீது நேரடியாகச் செயல்படுவதைக் காட்டினர். 1911இல் குட்மன் லெவி செய்த ஆய்வு விடையை அளித்தது. மயக்கம் ஆழமாக இருக்கும்போதன்றி, மேலோட்டமாக இருக்கும்போதே, அச்சத்தாலோ வலியாலோ உடலில் அட்ரினலின் மிகும் வேளையில் இதயக் கீழறைகள் ஒழுங்கற்றுத் துடித்து ஒரு நொடியில் நின்றுவிடக்கூடும். ஆழ்ந்த மயக்கத்தில் மருந்தின் அளவு மிகும்போது மூச்சு முதலில் நிற்பதும் உண்மையே. ஐதராபாத்தில் பெரிதும் ஆராயப்பட்டது இரண்டாவது வகைச் சாவு. அறுவை மேசையில் அச்சத்தோடு படுத்திருந்த இளம் நோயாளிகளைக் கொன்றது முதல் வகை.

இதுவரை எழுதப்பட்டவற்றுள் பல லாரியைப் பிடிவாதக்காரராக மட்டுமே காட்டி நின்றுவிடுகின்றன. கோட்பாடு பிழையாயினும் நடைமுறை ஏன் நோயாளிகளைக் காத்தது என்னும் வினா அதனினும் முதன்மையானது. தாராளமாகக் காற்று கலக்கும் திறந்த முறை, மூச்சின் ஒவ்வோர் ஏற்ற இறக்கத்தையும் விடாது கவனிப்பது, அப்பணியைச் செய்பவர் வேறெதையும் செய்யாதிருப்பது ஆகியவை அப்பள்ளியில் கண்டிப்பாகக் கற்பிக்கப்பட்டன. அறுவையை எட்டிப் பார்ப்பதற்காகத் தலையைத் திருப்பும் உதவியாளனே குளோரோஃபார்மின் மெய்யான ஆபத்து என்பதை லாரி உணர்ந்திருந்தார். அவ்வுணர்வுக்கு நாய்களின் இரத்த அழுத்த வரைபடங்கள் தேவைப்படவில்லை.

அப்பள்ளியில் பயின்று குளோரோஃபார்ம் அளிப்பதில் தேர்ந்த ரூபா பாய் ஃபர்தூன்ஜி, உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களுள் ஒருவராக இன்று மதிக்கப்படுகிறார். பெண் மருத்துவர்களை ஏற்பதா என்று ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவும் விவாதித்துக்கொண்டிருந்த காலம் அது.

தலைமாட்டில் நிற்பவர் யார்?

இருபதாம் நூற்றாண்டு மருந்துகளை மாற்றியது. 1898இல் ஆகஸ்ட் பியரின் முதுகுத்தண்டு மயக்கம், 1942இல் மாண்ட்ரியலில் ஹெரால்டு கிரிஃபித் பயன்படுத்திய கியுராரே என்னும் தசைத்தளர்த்தி, 1956இல் ஹாலோத்தேன், 1970இல் பயன்பாட்டுக்கு ஒப்புதல் பெற்ற கீட்டமின் என அப்பட்டியல் நீளும். இந்திய மயக்கவியலாளர் சங்கம் 1947இல் தோன்றியது. மாவட்ட மருத்துவமனைகளில் மாற்றம் மெதுவாகவே வந்தது. அழுத்தப்பட்ட வாயு உருளைகளோ தடையற்ற மின்சாரமோ இல்லாத இடங்களில், அறைக் காற்றிலேயே ஈதரைக் கலந்து தரும் இ.எம்.ஓ. கருவி நெடுங்காலம் உழைத்தது. ஆக்ஸ்ஃபோர்டில் எப்ஸ்டீனும் மக்கின்டாஷும் உருவாக்கிய அக்கருவியைச் செல்வ நாடுகள் விரைவில் கைவிட்டன. வறிய நாடுகளின் தாய்மார் பலர் அதன் துணையாலேயே பிழைத்தனர்.

மயக்கவியலாளர் அறுவை அரங்குக்கு வெளியே வந்தது 1952இல். கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது பியோர்ன் இப்சன் என்னும் மயக்க மருத்துவர், மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களுக்குத் தொண்டையில் குழாய் பொருத்தி, மருத்துவ மாணவர்களைக் கொண்டு இரவும் பகலும் கையாலேயே காற்றூட்டச் செய்தார். இன்றைய தீவிரச் சிகிச்சைப் பிரிவின் தொடக்கம் அதுவே. 2020–21 பெருந்தொற்றில் தமிழக அரசு மருத்துவமனைகளின் வென்டிலேட்டர்களுக்குப் பின்னால் நின்றவர்களுள் கணிசமானோர் மயக்கவியல் துறையினர் என்பது இம்மரபின் நீட்சி.

தமிழகத்தைப் பொறுத்தவரை மயக்கவியலின் சமூக வரலாறு மகப்பேற்று மரணங்களின் வரலாற்றோடு பிணைந்தது. 2001–03இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 தாய்மார் இம்மாநிலத்தில் இறந்தனர், 2018–20இல் 54. அனைத்திந்திய எண்கள் முறையே 301, 97. இவ்வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் குறைவாகப் பேசப்படுவது, இரவு இரண்டு மணிக்கு அறுவை அரங்கைத் திறக்க இயலுமா என்பது. மகப்பேற்று மருத்துவரும் இரத்தமும் இருந்தும் மயக்க மருத்துவர் இல்லாமையால் தாயை வேறூருக்கு அனுப்பிய நிலை எங்கும் இருந்தது. 24 மணிநேரமும் இயங்கும் ஒருங்கிணைந்த அவசர மகப்பேறு மற்றும் பச்சிளம் குழந்தை பராமரிப்பு மையங்களை இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் தமிழக அரசு அமைத்தபோது, தனியார் மயக்க மருத்துவர்களை அறுவைக்கு இவ்வளவு எனக் கட்டணம் தந்து அழைக்கும் ஏற்பாடும் சேர்ந்தே வந்தது. எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு 18 வாரப் பயிற்சியளித்து அவசர மகப்பேற்றுக்கு மட்டும் மயக்கம் தர அனுமதிக்கும் திட்டத்தை நடுவணரசு கொண்டுவந்தது. மூன்றாண்டுப் பட்டப் படிப்பை 18 வாரங்களில் அடக்குவதா என்ற எதிர்ப்பு மயக்கவியலாளர்களிடையே எழுந்தது. அவ்வெதிர்ப்பில் தொழில்சார் தன்னலம் இல்லையெனச் சொல்ல இயலாது. அச்சம் பொய்யென்றும் சொல்ல இயலாது. மயக்க மருத்துவரே இல்லாத ஊரில் இரத்தம் இழந்துகொண்டிருக்கும் தாய்க்கு அவ்விவாதம் பயன்படாது என்பதும் உண்மை.

கருவிகள் கண்களுக்குத் துணைவந்தன. 1974இல் ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ அவோயாகி வகுத்த கோட்பாட்டிலிருந்து பிறந்த பல்ஸ் ஆக்சிமீட்டர், உதடு நீலம் பாரிக்கும்வரை காத்திருந்த காலத்துக்கு முடிவு கட்டியது. கரியமில வாயு அளவி, குழாய் மூச்சுப் பாதையில் உள்ளதா உணவுக் குழாயில் உள்ளதா என்பதை உடனே காட்டியது. உலக நலவாழ்வு அமைப்பு 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் இவற்றைவிட எளியது. ஒரு தாள் மட்டுமே. புதுதில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களில் நடந்த ஆய்வில், பட்டியலைப் பின்பற்றிய பின் அறுவைசார் இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது. ஆயினும் 2011இல் குமரி மாவட்டத்து அரசு மருத்துவமனையொன்றில் ஒரு பெண்ணுக்கு ஆக்சிஜனுக்கு மாறாக நைட்ரஸ் ஆக்சைடு செலுத்தப்பட்டு, அவர் நினைவு திரும்பாமலே இறந்த வழக்கில், இழப்பீடு தருமாறு அரசுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. வாயு உருளைகள் மாறிப் பொருந்தாதிருக்கும் ஊசித்துளை அமைப்பு உலகில் வழக்குக்கு வந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாகிய பின் நிகழ்ந்தது அது.

அறுவைக்கு முன்னும் பின்னுமான பேணுகையிலும் பழைய விதிகள் தளர்ந்தன. ‘நள்ளிரவுக்குப் பின் தண்ணீரும் கூடாது’ என்பது தமிழக மருத்துவமனைகள் அனைத்திலும் கேட்ட கட்டளை. மயக்க நிலையில் வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் புகும் ஆபத்தை 1946இல் மெண்டெல்சன் விளக்கியதிலிருந்து இக்கண்டிப்பு வலுப்பெற்றது. தெளிந்த நீரை அறுவைக்கு இரண்டு மணிநேரம் முன்புவரை அருந்தலாம் என்று இன்றைய நெறிமுறைகள் கூறுகின்றன. டென்மார்க்கின் ஹென்ரிக் கேலட் 1990களில் முன்வைத்த விரைவு மீட்பு முறை, பட்டினியைக் குறைத்தல், வலியைப் பல வழிகளில் தணித்தல், அறுவை நாளிலேயே நடக்கச் செய்தல் ஆகியவற்றை ஒரே தொடராக இணைத்தது.

எல்லைப் பகுதியின் நிலை

தருமபுரியிலிருந்து பிரிந்து 2004 பிப்ரவரியில் உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 18.8 லட்சம். 1970களில் ஒசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. 1980களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆலைகளும் அவற்றுக்கு உதிரிப் பாகம் செய்யும் சிறு பட்டறைகளும் வளர்ந்தன. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையும் வடக்கு – தெற்கு நெடுஞ்சாலையும் கிருஷ்ணகிரியில் கூடுகின்றன. மறுபுறம், தளி, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் பகுதிகளின் காட்டோரக் குடியிருப்புகளுக்கு இன்றும் மருத்துவமனை தொலைவில்தான் உள்ளது.

இம்மூன்று நிலங்களும் மயக்கவியலாளரிடம் மூன்று வேறு திறன்களைக் கோருவன. பிரஸ் இயந்திரத்தில் விரல் நசுங்கிய தொழிலாளிக்குக் கழுத்தோர நரம்புப் பின்னலில் மருந்து செலுத்திக் கையை மட்டும் மரக்கச் செய்தால் போதும். 1994இல் வியன்னாவைச் சேர்ந்த கப்ரலும் குழுவினரும் அல்ட்ராசவுண்ட் துணையுடன் அவ்வூசியை வழிநடத்திக் காட்டியபின் இம்முறை பரவலாயிற்று. அறுவை முடிந்தபின்னும் பல மணிநேரம் வலி தெரியாது. நெடுஞ்சாலை விபத்தில் சிக்கியவர் வயிறு நிறைந்தவராக, இரத்தம் இழந்தவராக, கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம் என்ற ஐயத்துக்குரியவராக வருகிறார். மலையிலிருந்து வரும் கர்ப்பிணியிடம் இரத்தச் சோகையும் மிகை இரத்த அழுத்தமும் சேர்ந்திருக்கக்கூடும். முதலாமவருக்குப் பொறுமையும் இரண்டாமவருக்கு விரைவும் மூன்றாமவருக்கு இரண்டும் வேண்டும்.

மொழியும் இங்கு மருத்துவச் சிக்கலே. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவற்றோடு வடமாநிலத் தொழிலாளர்களின் இந்தி, ஒடியா, வங்கம் முதலியவையும் ஒசூரில் வழங்குகின்றன. மயக்கம் தருவதற்கு முன் கேட்க வேண்டியவை சிலவே: கடைசியாக எப்போது உண்டீர்கள், எந்த மருந்து ஒவ்வாது, மூச்சிரைப்பு உண்டா, வீட்டில் எவரேனும் மயக்க மருந்தால் பாதிக்கப்பட்டனரா. நோயாளிக்குப் புரியாத மொழியில் கேட்கும்போது அவற்றுள் ஒன்று தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டாலும் விளைவு அறுவை மேசையில் தெரியும். ஒப்புதல் படிவத்தில் பெறும் கைந்நாட்டுக்கும் இது பொருந்தும். மொழிபெயர்ப்பாளரை மயக்கவியல் கருவிகளுள் ஒன்றாகக் கருதும் நடைமுறை இந்திய மருத்துவமனைகளில் இன்னும் வேரூன்றவில்லை.

2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், தமிழக எல்லைக்குள் விபத்துக்குள்ளானவர் எம்மாநிலத்தவராயினும் முதல் 48 மணிநேரச் சிகிச்சைச் செலவை, தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை, அரசே ஏற்க வழிசெய்தது. லாரி ஓட்டுநர் பலரும் வெளிமாநிலத்தவராயுள்ள இம்மாவட்டத்துக்கு அவ்விதியின் பொருள் பெரிது. 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட தமிழகத்தின் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளுள் கிருஷ்ணகிரியும் ஒன்று. கல்லூரி வந்தால் மயக்கவியல் துறை ஒன்று விதிப்படியே வரும். முதுநிலைப் படிப்பில் அரசுப் பணி மருத்துவர்களுக்கு இடம் ஒதுக்கும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பும் இத்துடன் சேர்த்து நோக்கத்தக்கது. படித்தபின் அரசுப் பணிக்கே திரும்ப வேண்டியவர்களால்தான் இத்தகைய மாவட்டங்களின் இரவுப் பணி நிரம்பும்.

ஒசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். தலைக்காயம் பட்டவரை நிம்ஹான்ஸ் உள்ளிட்ட பெங்களூரு மருத்துவமனைகளுக்கு அழைத்துச் செல்ல உறவினர் முனைவது இங்கு இயல்பு. நினைவு மட்டத்தைக் கணிக்கும் கிளாஸ்கோ அளவீட்டில் எட்டோ அதற்குக் கீழோ உள்ளவருக்குப் பயணத்துக்கு முன்பே மூச்சுக்குழாய் பொருத்தப்பட வேண்டும் என்பது பொதுவான நெறி. ஆக்சிஜன் குறைந்த சில நிமிடங்களே, காயம் விட்டுவைத்த மூளையையும் அழித்துவிடும். ஜூஜூவாடி கடந்து அத்திப்பள்ளி வழியாக, போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்து செல்லும் அந்த ஆம்புலன்ஸில் நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து, வேறெதையும் பாராமல் மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கப் பயிற்சி பெற்றவர் ஒருவர் இருக்கிறாரா என்பதை இரு மாநிலங்களின் சுகாதாரத் துறைகளும் ஒரே பதிவேட்டில் எழுதத் தொடங்கினால், இவ்வரலாற்றின் அடுத்த பகுதிக்குரிய தரவுகள் கிடைக்கும்.